தினமும் வேலைக்கு போக பைக் கட்டுப்படியாகுமா? மைலேஜுக்கு அப்புறம் பார்க்க வேண்டியது

தம்பி, நீங்க கேட்டது இதுதான். போக 20, வர 20ன்னு தினமும் 40 கிலோமீட்டர் வேலைக்கு போகணும், ரேஸ் விடவோ லாங் ரைடு போகவோ ஆசை இல்ல, செலவு கம்மியா உழைக்கற மாதிரி ஒரு பைக் வேணும், லிட்டருக்கு 60 குடுக்கறத வாங்கறதா 70 குடுக்கறத வாங்கறதா, நிஜமாவே இதுல காசு மிஞ்சுமா. நான் இருபது வருஷத்துக்கு மேல தினசரி பைக்லதான் வேலைக்கு போயிட்டு வர்றேன், மூணு வண்டி மாத்தியாச்சு, அதுல ஒண்ணு 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டுச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல கணக்கு. பெட்ரோல் விலை இடத்துக்கு இடம் மாறும், நாம லிட்டர்லயே போடுவோம். தினம் 40, மாசம் 25 நாள், ஆக மாசம் 1000, வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடற கார்னா வருஷம் 800 லிட்டர் குடிக்கும். 30 ஓடற பெரிய பைக்னா 400. 60 ஓடற சின்ன பைக்னா 200. 70 ஓடறதுன்னா 171. இப்ப நல்லா கவனிங்க, 15லருந்து 30க்கு போனா 400 லிட்டர் மிச்சம், 30லருந்து 60க்கு போனா இன்னொரு 200 மிச்சம், ஆனா 60லருந்து 70க்கு போனா மொத்தமே 29 லிட்டர்தான், அதுவும் ஒரு முழு வருஷத்துக்கு! மாசத்துக்கு ரெண்டரை லிட்டர் கூட வரல. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு பார்த்தா இது கண்ணுக்கே தெரியாது, 10 கிலோமீட்டர் கூடுதல்னா ஏதோ பெருசா மிஞ்சற மாதிரி தோணும். ஐரோப்பால 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு தலைகீழா சொல்றாங்களே, அந்த கணக்குதான் சரியான கணக்கு.

சின்ன பைக் வாங்கணும்னு முடிவு பண்ணப்பவே மிச்சம் பண்ண வேண்டியதுல பெரும்பங்கு மிச்சம் பண்ணிட்டீங்க. அதுக்கு மேல 60ஆ 70ஆன்னு மண்டைய உடைச்சிக்கறது வேண்டாம், அந்த 29 லிட்டரை டயர்ல காத்து கம்மியா வெச்சு, பிரேக் உரசிக்கிட்டே ஓட்டி, அடைச்ச ஏர் ஃபில்டரோட ஓட்டியே தொலைச்சிடலாம். இனிமே பார்க்க வேண்டியது பெட்ரோல் இல்லாத மத்த செலவுகளை. செயின், டயர், பிரேக், வண்டி நின்னு போய் வேலைக்கு லேட்டா போற நாள், கீழ விழுந்தா ஆஸ்பத்திரி. தினசரி வண்டி கட்டுப்படியாகுமா ஆகாதான்னு முடிவு பண்றது இதெல்லாம்தான்.

எவ்வளவு சிசி வாங்கறதுன்னு கேட்டா, உங்க ரூட்ல எவ்வளவு வேகத்துல போவீங்கன்னு நான் திருப்பி கேப்பேன். பைக்குக்கு எதிரி காத்துதான், நிமிர்ந்து உக்காந்திருக்கற ஆளோட நெஞ்சு ஒரு பலகை மாதிரி காத்தை தடுக்கும். 50ல போகும்போது காத்தை தள்றதுக்கு மட்டும் ஒரு பங்கு பவர் வேணும்னா 80ல போகும்போது அதுவே நாலு பங்கு ஆயிடும். 50-55ல சீரா போற ஆளுக்கு நல்ல மைலேஜ் குடுக்கற அதே வண்டி, 80ல முறுக்கறவர்கிட்ட போனா என்னத்த குடிக்குதுன்னு அவர் கம்பெனியை திட்டுவார். உங்க 20 கிலோமீட்டரும் ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா போறதுன்னா 100-110 சிசி தாராளமா போதும். பாதி தூரம் ஹைவே, லாரி பஸ்ஸை ஓவர்டேக் பண்ணணும், பின்னாடி ஆள் ஏத்தணும்னா 125லருந்து 160 வரைக்கும் போங்க, ஏன்னா சின்ன இன்ஜினை முழு ஆக்சிலேட்டர்ல வெச்சே தினமும் ஓட்டினா மைலேஜும் வராது, அவசரத்துக்கு முறுக்கினா பிக்கப்பும் இருக்காது, அது ஆபத்து. அதுக்கு மேல பெருசு உங்க வேலைக்கு தேவையில்லங்கறது என் அபிப்பிராயம், ஆசை இருந்தா அது வேற விஷயம், ஆனா நீங்க கேட்டது ஆசையை பத்தி இல்ல.

உழைக்கற வண்டின்னா என்னன்னு தெரிஞ்சுக்க ஒரு பழைய வண்டியை பத்தி சொல்லணும். 1958ல ஹோண்டா கம்பெனி சூப்பர் கப்னு ஒரு 49 சிசி வண்டி கொண்டு வந்தாங்க. கம்பெனியை ஆரம்பிச்ச சொய்ச்சிரோ ஹோண்டாவோட கூட்டாளி தகேயோ ஃபுஜிசாவா, விக்கறத பார்த்துக்கிட்டவர், இப்படி ஒரு வண்டி வேணும்னு கேட்டு வாங்கினது அது. கடையிலருந்து சாமான் கொண்டு போய் குடுக்கற பையன் ஒரு கையில தட்டை பிடிச்சிட்டு இன்னொரு கையால ஓட்டணும், அதனால கிளட்ச் லிவரே கிடையாது, தானா விழற சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். காலுல சேறு அடிக்காம ஒரு மறைப்பு, செயினுக்கு முழு மூடி. பார்க்க சாதுவான வண்டி, ஆனா 2017ல மொத்த உற்பத்தி 10 கோடியை தாண்டுச்சு, உலகத்துலயே வேற எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தயாரிச்சது இல்ல. அதை வடிவமைச்சவங்க இன்ஜின் பவரை பத்தி யோசிச்ச அளவுக்கு செயின் மூடியை பத்தியும் யோசிச்சாங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிக்கும். ஷோரூம்ல நிக்கும்போது நீங்களும் அப்படித்தான் பார்க்கணும். சென்டர் ஸ்டாண்ட் இருக்கா, கிக்கர் இருக்கா, செயினுக்கு முழு கவர் இருக்கா, பின் மட்கார்டு முதுகுல சேறு அடிக்காத அளவுக்கு நீளமா இருக்கா, ரெண்டு காலும் தரையில நல்லா ஊனுதா, அந்த மாடலுக்கு எந்த மெக்கானிக் கிட்ட போனாலும் ஸ்பேர் கிடைக்குமா.

இப்ப செயினுக்கு வர்றேன், இதுலதான் நிறைய பேர் காசை விடறாங்க. செயின் "நீளுது"ன்னு சொல்வோம், இரும்பு ஒண்ணும் ரப்பர் மாதிரி இழுபடறது இல்ல, ஒவ்வொரு கண்ணியிலயும் உள்ள இருக்கற பின்னும் புஷ்ஷும் ஒண்ணோட ஒண்ணு உரசி தேயுது, நூத்துக்கும் மேல கண்ணி இருக்கறதால ஒவ்வொண்ணுலயும் தேயற துளித்துளி சேர்ந்து மொத்த நீளம் கூடிடுது. நீளம் கூடின செயின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடற பல் சக்கரம்) பல்லுல சரியா உக்காராது, பல்லை ஒரு பக்கமா அரிச்சு கொக்கி மாதிரி ஆக்கிடும். அப்புறம் புது செயின் மட்டும் போட்டா அந்த கொக்கி பல்லு புது செயினையும் சீக்கிரம் தின்னுடும், அதனாலதான் முன்னாடி ஸ்ப்ராக்கெட், பின்னாடி ஸ்ப்ராக்கெட், செயின் மூணையும் செட்டா மாத்தணும்னு சொல்றது. ஒழுங்கா எண்ணெய் காட்டினா 25,000 கிலோமீட்டர் வரைக்கும் வர்ற செட்டு, வறண்டு துருப்பிடிச்சு ஓடினா அதுல பாதி கூட வராது.

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, உங்க ஓட்டத்துக்கு மாசம் ரெண்டு தடவை, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செயின் லேசா சூடா இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரல்ல வெச்சு, பின் வீலை கையால மெதுவா சுத்திக்கிட்டே செயினோட உள் பக்கம் செயின் லூபோ (செயினுக்குன்னே விக்கற எண்ணெய்) கியர் ஆயிலோ விடுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு மேல வழியறத துணியால துடைச்சிடுங்க. உள் பக்கம் ஏன்னா சுத்தும்போது எண்ணெய் தானா வெளிய நோக்கி ஓடும். அழுக்கு எடுக்க மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் இருக்கற செயின்னா பெட்ரோல் அந்த ரப்பரை கெடுத்துடும். இன்ஜினை ஸ்டார்ட்ல வெச்சு கியர் போட்டு வீலை ஓட விட்டுட்டு செயினை துடைக்கற வேலை மட்டும் எந்த காலத்துலயும் செய்யாதீங்க, துணியோட சேர்த்து விரலை உள்ள இழுத்துடும், விரல் போனா போனதுதான். லூஸ் எவ்வளவுன்னு கீழ் செயினோட நடுவுல விரலால மேலயும் கீழயும் தள்ளி பாருங்க, நிறைய சின்ன வண்டிகளுக்கு 20லருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும், உங்க வண்டிக்கு என்னன்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. டைட்டா இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க, ஆள் உக்காந்து பள்ளத்துல இறங்கினா செயின் இன்னும் இழுபடும், அந்த இழுப்பு நேரா கியர்பாக்ஸ் பேரிங்குக்கு போகும். எனக்கு இது பட்டு தெரிஞ்சது. முதல் வண்டியில ஒரு மழைக்காலம் முழுக்க செயினை கண்டுக்கல, ஒருநாள் வேலைக்கு போற வழியில அறுந்துச்சு, அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்ல சுருண்டு இன்ஜின் கேஸை பிளந்துடுச்சு. ஆயில் பூரா ரோட்டுல. அந்த ரிப்பேர் செலவுல பல வருஷத்துக்கு செயின் லூப் வாங்கியிருக்கலாம்.

அடுத்தது இன்ஜின் ஆயில். பைக்ல ஒரே ஆயில்தான் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் போகுது, பெரும்பாலான பைக்ல கிளட்ச் ப்ளேட் அந்த ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும். காருக்கு போடற ஆயில்ல உராய்வை குறைக்கறதுக்குன்னே சிலது கலந்திருப்பாங்க, காருக்கு அது நல்லது, நம்ம கிளட்ச் ப்ளேட்டுக்கு ஆகாது, வழுக்க ஆரம்பிச்சிடும். டப்பா மேல ஜாஸோங்கற (ஜப்பான் தர நிர்ணயம்) முத்திரையோட எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க, எம்பின்னு போட்டது டிரை கிளட்ச் (ஆயில்ல ஊறாத கிளட்ச்) இருக்கற ஸ்கூட்டருக்கு. ஒரு தடவை ஒரு ஒர்க்‌ஷாப்ல மீதி இருந்த கார் ஆயிலை என் வண்டியில ஊத்திட்டாங்க, ஒரு வாரத்துல இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது, கடைசியில கிளட்ச் ப்ளேட் செட்டையே மாத்த வேண்டியதா போச்சு. அன்னிலருந்து ஆயில் டப்பாவை நானே வாங்கிட்டு போறேன், ஊத்தற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறேன். எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்னு மேனுவல் சொல்றத கேளுங்க, 3000ன்னு போட்ட வண்டியும் உண்டு 6000ன்னு போட்டதும் உண்டு. நடுவுல அளவு பார்க்கறது முக்கியம், சின்ன இன்ஜின்ல மொத்தமே ஒரு லிட்டர் அளவுதான் ஆயில் இருக்கு, அதுல 300 மில்லி குறைஞ்சாலே மூணுல ஒரு பங்கு போச்சுன்னு அர்த்தம்.

டயர் காத்து வாரத்துக்கு ஒரு தடவை, டயர் குளிர்ந்திருக்கும்போது. எவ்வளவு வைக்கணும்னு ஸ்விங் ஆர்ம்லயோ (பின் வீலை தாங்கற கை) செயின் கவர்லயோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, தனியா போறதுக்கு ஒரு அளவு, பின்னாடி ஆளோட போறதுக்கு கூடுதலா ஒரு அளவு. சொந்தமா ஒரு கேஜ் வாங்கி வெச்சுக்கங்க. காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நிமிரும், அந்த வேலைக்கெல்லாம் பெட்ரோல்தான் போகுது, டயர் சூடாகி ஓரமும் சீக்கிரம் தேயும். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க, 2324ன்னு இருந்தா 2024ம் வருஷத்தோட 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், ரொம்ப நாள் கடையில கிடந்த டயரை தள்ளுபடியில குடுத்தா வாங்காதீங்க, ரப்பர் இறுகி போயிருக்கும், மழையில பிடிக்காது. ட்யூப்லெஸ்ஸா இருந்தா தினசரி ஆளுக்கு பெரிய நிம்மதி, ஆணி குத்தினா பெரும்பாலும் மெல்லமாத்தான் காத்து இறங்கும், வேலைக்கு போய் சேர்ந்துடலாம்.

இனிமே சொல்றதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க தம்பி. 60ல போற வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது, முன்னாடி ஏதோ வருதுன்னு மூளைக்கு உறைச்சு கை பிரேக்கை பிடிக்கறதுக்குள்ள அந்த 17 மீட்டர் போயிடும், அதுக்கப்புறம் நல்லா பிரேக் பிடிச்சாலும் நிக்க இன்னொரு 20 மீட்டருக்கு மேல ஆகும். பயந்துக்கிட்டு பின் பிரேக்கை மட்டும் மிதிக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. பிரேக் பிடிச்ச உடனே எடை முன்னாடி சாயுது, பின் டயர் லேசாகி வழுக்கும், நிறுத்தற சக்தியில பெரும்பங்கு முன் டயர்லதான் இருக்கு. முன் பிரேக்கை வெடுக்குனு இழுக்காம, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கணும். ஆள் இல்லாத மைதானத்துல ஒரு ஞாயித்துக்கிழமை 20 தடவை 30 தடவை பழகுங்க, அவசரத்துல யோசிக்க நேரம் இருக்காது, கை தானா செய்யணும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது வீல் லாக் ஆகாம தடுக்கற அமைப்பு) இருக்கற மாடல் உங்க பட்ஜெட்டுக்குள்ள வந்தா அதையே எடுங்க, நான் மைலேஜை விட்டுக்குடுத்தாலும் இதை விட மாட்டேன்.

ஹெல்மெட் கதை ஒண்ணு உண்டு. லாரன்ஸ் ஆஃப் அரேபியான்னு உலகம் பேசின பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935 மே மாசம் பைக்ல விழுந்து தலையில அடிபட்டு ஆறு நாள் கழிச்சு இறந்து போனார். அவரை பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹ்யூ கெய்ர்ன்ஸ்னு நரம்பியல் அறுவை நிபுணர், அந்த சாவு அவரை ரொம்ப பாதிச்சுது, ராணுவத்துல பைக்ல தகவல் கொண்டு போறவங்களுக்கு தலையில படற அடியை பத்தி ஆராய்ச்சி பண்ணி 1941ல கட்டுரை வெளியிட்டார், ஹெல்மெட் உயிரை காப்பாத்துதுன்னு ஆதாரத்தோட பேசினதுல அது முன்னோடி. அப்புறம் நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து பார்த்ததுல ஹெல்மெட் போட்டா உயிர் போற அபாயம் 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறையுதுன்னு வந்திருக்கு. உள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரி பட்டை அடியை வாங்கி நசுங்கறதுக்குன்னே இருக்கு, நசுங்கினா திரும்ப உப்பாது, அதனால ஒரு விழுகை வாங்கின ஹெல்மெட் வெளிய பளபளன்னு இருந்தாலும் மாத்திடணும். தலையை ஆட்டினா ஹெல்மெட் தனியா ஆடக்கூடாது, பட்டியை போட்டே ஆகணும், பட்டி போடாத ஹெல்மெட் தலைக்கு முன்னாடி ரோட்டுல போய் விழும்.

அமெரிக்கால ஹாரி ஹர்ட்னு ஒரு பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சுமார் 900 பைக் விபத்தை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ஞ்சு 1981ல அறிக்கை குடுத்தார். இன்னொரு வண்டியோட மோதின விபத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த இன்னொரு வண்டிக்காரர் வழி விடாம குறுக்க வந்ததால நடந்தது. அவங்க பைக்கை பார்க்கவே இல்ல, இல்லன்னா ரொம்ப லேட்டா பார்த்தாங்க. அதனால பகல்லயும் லைட் எரியட்டும், வெளிர் நிறத்துல ஹெல்மெட்டோ ஜாக்கெட்டோ போடுங்க, எதிர்ல ஒரு வண்டி திரும்ப காத்துக்கிட்டு நின்னா அது திரும்பிடும்னே வெச்சுக்கிட்டு விரலை பிரேக் மேல வைங்க. மழை வந்தா முதல் அரை மணி நேரம்தான் மோசம், ரோட்டுல படிஞ்ச எண்ணெயும் தூசியும் கலந்து வழவழன்னு இருக்கும், ஒதுங்கி நின்னு போனா நல்லது. பெயின்ட் அடிச்ச கோடு, இரும்பு மூடி மேல சாய்ஞ்சு திரும்பாதீங்க.

பழைய வண்டி எடுக்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. எடுக்கலாம், சொல்லப்போனா புது வண்டியில ஒரு பெரிய செலவு முதல் ரெண்டு மூணு வருஷத்துல விழற மதிப்புதான், அதை இன்னொருத்தர் ஏற்கனவே ஏத்துக்கிட்டார். பார்க்க போகும்போது முன்கூட்டியே சொல்லுங்க, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு. போனதும் இன்ஜின் பக்கத்துல கையை கொண்டு போங்க, சூடு தெரிஞ்சா குளிர்ல ஸ்டார்ட் ஆகற பிரச்சனையை மறைக்கறாங்களோன்னு சந்தேகப்படுங்க. நீல புகை வந்தா ஆயில் எரியுது. முன் வீலை தூக்கி ஹாண்டிலை மெதுவா திருப்புங்க, நடுவுல ஒரு இடத்துல கடக்குனு சிக்கினா கோன் செட் (ஹாண்டில் திரும்பற பேரிங்) போச்சு. ஃபோர்க் ராட்ல எண்ணெய் கசிவு, ஸ்ப்ராக்கெட் பல்லு, டயர் நாலு இலக்கம், எல்லாத்துக்கும் மேல சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பர்ல இருக்கறதோட ஒத்துப்போகணும்.

எலக்ட்ரிக் பத்தி ரெண்டே வரி. தினம் 40ன்னா அதுக்கு நல்லா பொருந்தற தூரம்தான், சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு சுமாரா 3 யூனிட் கரண்ட்தான் எடுக்கும், செயின், ஆயில் தலைவலி பெருமளவு இல்ல. வீட்டுல வண்டி நிறுத்தற இடத்துலயே சார்ஜ் போட முடியுமா, பேட்டரிக்கு எத்தனை வருஷம் வாரன்ட்டி, இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

எதை வாங்கினாலும் ஒரு சின்ன நோட்டு போட்டு எழுதுங்க. டேங்கை ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, அடுத்த தடவை அதே பெட்ரோல் பங்க்ல அதே மாதிரி ஃபுல் பண்ணும்போது ஓடின கிலோமீட்டரை ஊத்தின லிட்டரால வகுத்தா உங்க ரோட்டுல உங்க கையில வர்ற உண்மையான மைலேஜ் கிடைக்கும், ஒரு தடவை பார்த்தா போதாது, நாலஞ்சு தடவை சராசரி எடுங்க. அந்த நம்பர் காரணமே இல்லாம 10 சதவீதம் இறங்கினா ஏதோ ஒண்ணு கெட்டுக்கிட்டு வருதுன்னு அர்த்தம், வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே நோட்டு சொல்லிடும், மொதல்ல டயர் காத்து, பிரேக் உரசல், ஏர் ஃபில்டர் இந்த வரிசையில பாருங்க. எந்த வண்டி எடுக்க போறீங்க, ரூட்ல ஹைவே எவ்வளவு தூரம், பின்னாடி யாராவது தினமும் வருவாங்களான்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி இன்னும் குறிப்பா சொல்றேன்.